வளைந்த பின்னைத் தொடுவதற்கு முன்

முதலில் சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் ஆசையை விடுங்கள். கணினி மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகும், ஒரே ஒரு தடவை ஓடுகிறதா பார்ப்போமே என்று கை துடிக்கும். வளைந்த பின் எதையும் தொடாமல் அந்தரத்தில் நின்றால் பரவாயில்லை. அது பக்கத்துப் பின்மேல் சாய்ந்திருந்து, ஒன்று மின்சாரம் கொண்டுவருவதாகவும் மற்றது எர்த்தோடு சேர்ந்ததாகவும் அமைந்துவிட்டால், மதர்போர்டோடு பிராசஸரும் கருகிப்போகலாம். மின்கம்பியைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தையும் வடித்துவிடுங்கள்.

என் கதை துணியில் தொடங்கியது. பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட், பழையதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிராசஸரைக் கையில் எடுத்துவிட்டேன். சாக்கெட்டை மூடத் தோன்றவில்லை. துணியின் நுனி உள்ளே விழுந்தது. மெல்லத் தூக்கியிருக்க வேண்டும், வெடுக்கென்று இழுத்தேன். ஒன்றும் ஆனதுபோல் தெரியவில்லை; கணினியும் ஓடியது. மூன்று நாள் கழித்துத்தான் 16 ஜிபி ரேமில் 8 மட்டுமே தெரிவதைக் கவனித்தேன். ரேமைக் குறை சொன்னேன், இடம் மாற்றிச் செருகினேன், அதன் தங்க விளிம்பை அழிப்பானால் தேய்த்தேன். இரண்டு ரேமும் நல்லவை. குறிப்பிட்ட ஒரு பக்கத்து இடங்களில் எதைச் செருகினாலும் தெரியவில்லை என்றான பிறகே சாக்கெட் நினைவுக்கு வந்தது. ரேம் பாதியாகத் தெரிவது, கிராபிக்ஸ் கார்டு 16 தரவுத் தடத்துக்குப் (லேன்) பதில் 8 தடத்தில் ஓடுவது, திரையே வராமல் விசிறி மட்டும் சுழல்வது ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் சாக்கெட்டை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

உங்களுடையது எந்த வகை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்டெல் 2004இல் எல்ஜிஏ 775 என்ற சாக்கெட் வந்தபோதே பின்களைப் பிராசஸரிலிருந்து மதர்போர்டுக்கு மாற்றிவிட்டது. ஏஎம்டியின் சாதாரண மேசைக் கணினிகள் 2022இல் ஏஎம்5 சாக்கெட் வந்தபோதுதான் அந்தப் பக்கம் வந்தன. எல்ஜிஏ 1700 என்றால் உள்ளே 1700 பின்கள், எண்ணிக்கையே பெயர். ஏஎம்டியின் முந்தைய ஏஎம்4 போன்றவற்றில் பின்கள் பிராசஸரின் அடியில் நேராக நிற்கும். அவற்றை நிமிர்த்துவது எளிது: உள்ளிருக்கும் கரிக்குச்சியை (லெட்) எடுத்துவிட்ட 0.5 மி.மீ. பென்சிலின் வாயைப் பின்மேல் மாட்டி, மெல்ல நிமிர்த்தலாம். மதர்போர்டில் இருக்கும் பின்களிடம் இந்த வித்தை பலிக்காது. அவை குத்தூசிகள் அல்ல, சாய்ந்து எழுந்து நுனியில் வளைந்த குட்டி ஸ்பிரிங்குகள். பிராசஸர் மேலிருந்து அழுத்தும்போது ஒவ்வொன்றும் சற்றே தாழ்ந்து கொடுக்க வேண்டும். ஆகவே இடமும் உயரமும் இரண்டுமே சரியாக இருக்க வேண்டும்.

இனிப் பார்க்கும் வேலை. இதற்கு நான் அரை மணி நேரம் ஒதுக்குவேன். மதர்போர்டைப் பெட்டியிலிருந்து கழற்றி மேசையில் வையுங்கள். மேல் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து ஒரு பக்கத்திலிருந்து அடியுங்கள். நல்ல பின்களின் நுனிகள் வரிசை வரிசையாக ஒரே மாதிரி மின்னும். வளைந்தது இருக்கும் இடத்தில் அந்த வரிசை அறுந்துபோகும்: ஒரு புள்ளி காணாமல் போயிருக்கும், அல்லது இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். போர்டைக் கால் சுற்று திருப்பி மறுபடி பாருங்கள். நான்கு பக்கமும் பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கினால் பூதக்கண்ணாடியில் தப்பியதும் தெரியும். சில சாக்கெட்டுகளில் ஒரு பாதி ஒரு திசையிலும் மறுபாதி வேறு திசையிலும் சாய்ந்திருக்கும். அதைப் பழுது என்று நினைத்து நிமிர்த்தக் கிளம்பிவிடாதீர்கள். அதே வரிசையில் இருக்கும் அண்டைப் பின்னோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கருவி பெரிதாக எதுவும் வேண்டாம். மெல்லிய தையல் ஊசி ஒன்று, அதைப் பிடிக்க ஒரு லெட் பென்சில் அல்லது சிறு மரக்குச்சி. இடுக்கியை நான் எடுப்பதில்லை. ஒரு பின்னைப் பிடிக்கப்போய் இரண்டை நசுக்கும். மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். வளைந்த கொக்கிக்கு அடியில் ஊசி நுனியைக் கொடுத்து, போக வேண்டிய திசையில் மயிரிழை அளவு நகர்த்துங்கள். நிறுத்துங்கள். ஊசியை வெளியே எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பின் சற்றே திரும்பி வந்திருக்கும், ஸ்பிரிங் அல்லவா? மறுபடி மயிரிழை. வேண்டிய இடத்தைத் தாண்டித் தள்ளிவிட்டுத் திரும்ப இழுப்பதுதான் ஆபத்து. அந்த உலோகம் முன்னும் பின்னும் சில தடவை வளைந்தாலே ஒடிந்துவிடும். கிட்டத்தட்டச் சரியாகிவிட்டால் அதோடு விடுங்கள். அழகுக்காக இன்னொரு தட்டு தட்டப்போய்த்தான் ஒரு பின்னை ஒடித்தேன்.

சரியாகத் தொடுகிறதா என்பதைப் பிராசஸரே சொல்லும். அதைச் செங்குத்தாக இறக்கிவைத்து, பூட்டிவிட்டுத் திறந்து, அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு தங்கத் திட்டிலும் பின் அழுத்திய சின்னஞ்சிறு கீறல் இருக்கும். ஏற்கெனவே பயன்படுத்திய பிராசஸர் என்றால் பழைய கீறலும் இருக்கும், குழம்ப வேண்டாம். கீறல் திட்டின் ஓரத்தில் விழுந்திருந்தால் அந்தப் பின் இன்னும் கோணலாகவே நிற்கிறது. திருப்பிப் பார்ப்பதால் இடமும் வலமும் மாறியிருக்கும். மூலையில் உள்ள முக்கோணக் குறியிலிருந்து எண்ணுங்கள்.

பின் ஒடிந்தேவிட்டால் எல்லாம் முடிந்துவிடவில்லை. அந்தச் சாக்கெட்டின் பின் வரைபடத்தைத் தேடி, ஒடிந்தது எது என்று பாருங்கள். எர்த் பின்களும் மின்சாரப் பின்களும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று போனால் பெரும்பாலும் மற்றவை சுமையைப் பகிர்ந்துகொள்ளும். நான் ஒடித்தது எர்த். ரேமின் தரவுப் பின் போனால் அந்தப் பக்கத்து ரேம் வேலை செய்யாது, மறுபக்கத்தை மட்டும் வைத்துக் காலம் தள்ளலாம். ஒடிந்த துண்டு உள்ளே கிடந்தால் அதை எடுக்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். போர்டைக் கவிழ்த்துத் தட்டினாலே பெரும்பாலும் விழுந்துவிடும்.

சாக்கெட்டில் தெர்மல் பேஸ்ட் விழுந்திருந்தால் பஞ்சைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், நூல் சிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மிக மென்மையான பிரஷ்ஷால், பின் சாய்ந்திருக்கும் திசையிலேயே வருடுங்கள். முழுதாகக் காயவிடுங்கள்.

சாக்கெட்டையே மாற்றும் வேலைக்கு வீட்டில் இறங்க வேண்டாம். அது போர்டில் ஏராளமான குட்டி சால்டர் (பற்றாசு) உருண்டைகளால் ஒட்டப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உருக்கும் சூடேற்றும் கருவி உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

பின்னைச் சரிசெய்து பிராசஸரைப் பூட்டிய பிறகு ஒரே ஒரு ரேமுடன் ஓடவிடுங்கள். திரை வந்தால் ஒவ்வொரு இடமாக மாற்றிச் செருகி, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அளவு சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ரேம் சோதனை நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமா என்று பாருங்கள். பிராசஸரை மாட்டியதும் கழன்றுவரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கிறதே, அதைத் தூக்கிப்போட வேண்டாம். அடுத்த தடவை பிராசஸரைக் கழற்றும்போது, துணியை எடுப்பதற்கு முன் அதைச் சாக்கெட்டில் மாட்டிவிடுங்கள். என்னுடையது இப்போது மேசை இழுப்பறையில், அந்தத் தையல் ஊசியோடு கிடக்கிறது.