பாலை நிலத்தைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தார் பாலைவனத்துக்குக் களப்பயிற்சிக்கு வரும் மாணவர்களின் நோட்டுகளைத் திருத்துகிறவன் நான். தொப்பி மறந்தது, தண்ணீர் போதாமல் போனது எல்லாம் அவரவர் பாடு. நோட்டில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லாம் காற்றின் வேலை என்பது

மணல் பறப்பது தினமும் தெரிகிறது, வெள்ளம் எப்போதோதான். அதனால் காற்றுக்கே எல்லாப் பெயரும் போகிறது. காற்று அள்ளுவது மணலும் தூசியும்தான். ஓடைக்கரையில் உருண்ட கற்கள் அடுக்காகக் கிடந்தால் அது தண்ணீர் கொண்டுவந்தது. 2006 ஆகஸ்டில் பார்மர் மாவட்டத்தின் கவாஸ் கிராமமே மழையில் மூழ்கியது. மண்ணுக்கு அடியில் ஜிப்சம் படிவு. நீர் உள்ளே இறங்காமல் மாதக்கணக்கில் தேங்கி நின்றது.

கொம்பைப் பார்த்துக் காற்றைச் சொல்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பாடப்புத்தகத்தில் முதலில் வருவது பிறை வடிவ மணற்குன்று. அதன் கொம்புகள் காற்று போகும் பக்கம் நீளும். அதை மனப்பாடம் செய்துகொண்டு இங்கே வருகிறார்கள். தாரில் அதிகம் இருப்பதோ பரவளையக் குன்றுகள், அதாவது U வடிவில் வளைந்தவை. அவற்றின் கைகள் காற்று வரும் பக்கம் கிடக்கும். ஓரங்களில் செடி வேர்பிடித்து மணலை நிறுத்திவிட, நடுப்பகுதியான மூக்கு மட்டும் முன்னே நகர்கிறது. இவற்றைக் கட்டியது தென்மேற்கிலிருந்து வீசும் கோடைக்காற்று. கைகள் தென்மேற்கே, மூக்கு வடகிழக்கே.

கொடுமை என்னவென்றால், டிசம்பரில் மணல் வரிகளும் சேர்ந்து ஏமாற்றும். குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் மெல்லிய சாய்வு, மறுபக்கம் செங்குத்து. அந்தச் செங்குத்து தென்மேற்கைப் பார்த்திருக்கும். குளிர்கால வடகிழக்குக் காற்று இன்று காலை போட்ட கோலம் அது. குன்று வளர்ந்த கதை வேறு.

ஒரு குழு இந்தக் கைகளைப் பிறையின் கொம்பு என்று எண்ணி, மணல் வரிகளையும் அதோடு கூட்டி, காற்று வடகிழக்கிலிருந்து என்று முடிவுகட்டி, மணல் தடுப்பு வேலிக்கான வரைபடம் முழுவதையும் தலைகீழாகப் போட்டது. "ரெண்டு சாட்சியும் ஒத்துப்போகுதே சார்" என்று வாதம் வேறு. செடியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கைகள் நெடுக ஃபோக் புதர். பிறைக் குன்றில் ஏது அவ்வளவு செடி? அப்புறம் ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி வரைந்தார்கள்.

காளான் பாறை

அடி குறுகி, தலை பருத்து நிற்கும் பாறை இது. மணல் அறுத்தது என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். அடிப்பகுதியில் உப்புப் பூத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஈரமும் உப்பும்கூடப் பாறையை அரிக்கும்.

காய்ந்த ஆற்றில் கூடாரம்

வேண்டாம். லூணி ஆற்றில் வெள்ளம் வர, அது பிறக்கும் ஆரவல்லி மலையில் மழை பெய்தால் போதும்.