சிவப்பு ரோஜாவா? இதழ் எத்தனை என்றும் கேளுங்கள்

ரோஜாச் செடி வாங்கும்போது நிறத்தோடு இதழ் எண்ணிக்கையையும் கேளுங்கள். ‘அல்டிசிமோ’ கொடி ரோஜாவுக்கு 5 முதல் 7 இதழ்தான். ‘மிஸ்டர் லிங்கன்’ பூவில் 30க்கு மேல், ‘கிறைஸ்லர் இம்பீரியல்’ 45ஐத் தொடும்.

இதழ் குறைந்த பூ வெயிலில் மளமளவென்று விரிந்து சீக்கிரம் கொட்டிவிடும். அதனால் சமவெளியில் அடுக்கு ரோஜாதான் என் தேர்வு. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஈரக் குளிரில் கதையே வேறு: அடுக்கு மொட்டின் வெளியிதழ்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மொட்டு விரியாமலே அழுகும். ஒட்டிப் பழுப்பான இதழ்களை மட்டும் விரலால் மெல்ல உரித்துவிடுங்கள். உள்ளே அழுகாமல் இருந்தால் பூ விரிந்துவிடும்.

அப்புறம், மே மாதப் பூவில் இதழ் குறைவாக இருந்தால் நர்சரிக்காரரைத் திட்டாதீர்கள். வெப்பம் கூடினால் இதழ் குறையும். மார்கழியில் எண்ணிப் பாருங்கள்.