எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: மூன்றாம் ஆண்டில் தொடங்கும் தவறுகள்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. முதல் ஆண்டில் அவர்களுக்கு நான் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. எடை தானாக இறங்கும், பழைய சட்டை தொளதொளக்கும், பார்க்கிறவர்கள் எல்லாம் ஆச்சரியப்படுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் எடை எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறைந்துவிடும். அதற்கப்புறம்தான் சிக்கல். இப்போது வருகிற புதியவர்களும், முன்பு வந்தவர்கள் சறுக்கிய அதே இடத்தில் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இனிப்பைக் குறை, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கொஞ்சம் எடை கூடியதும் இடிந்து போவது

சுவீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில், இரைப்பை பைபாஸ் என்ற வகை அறுவை செய்துகொண்டவர்களுக்கு முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடை குறைந்தது. பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக இருந்தது. அதாவது, 120 கிலோ இருந்தவர் 82 வரை இறங்கி, பிறகு 90-ல் நிற்பது போல. இந்த அளவு ஏற்றம் எதிர்பார்த்ததுதான். இதற்கே மனம் உடைந்து, “எல்லாம் வீணாப் போச்சு” என்று பழைய சாப்பாட்டுக்குத் திரும்புகிறவர்கள் பலர்.

எது இறங்குகிறதோ அதைச் சாப்பிடுவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பைபாஸில் மேலே ஒரு சிறிய பையை மட்டும் விட்டு, அதை நேராகக் குடலோடு இணைக்கிறார்கள். இரண்டிலும் வயிறு சீக்கிரம் நிறைகிற உணர்வு கெட்டியான உணவு சாப்பிட்டால்தான் சரியாக வரும். கோழி, மீன், பனீர், சுண்டல் எல்லாம் கொஞ்ச நேரம் தங்கும். சில வாயிலேயே போதும் என்றாகிவிடும். குழைந்த தயிர்சாதம், டீயில் தொட்ட ரஸ்க், வாயிலேயே கரையும் மிக்சர், கஞ்சி, ஜூஸ் எல்லாம் தங்காமல் வழுக்கிக்கொண்டு போகும். எவ்வளவு போனது என்று வயிறு சொல்லாது.

ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். ஸ்லீவ் முடிந்து மூன்றாம் வருடம், குறைந்த எடையில் கணிசமான பங்கு திரும்பி வந்திருந்தது. “நான் சாப்பிடறதே இல்லைங்க. வயிறு விரிஞ்சிடுச்சு போல. மறுபடி ஆபரேஷன் பண்ணணுமா?” என்றார். பொய் சொல்கிறவர் இல்லை. ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம் எழுதி வரச் சொன்னேன்.

நோட்டில் எல்லாம் தெரிந்தது. ஒரு கல்யாண வீட்டில் அவசரமாகச் சாப்பிட்ட கோழித்துண்டு நெஞ்சில் அடைத்து வாந்தி வந்திருக்கிறது. அன்றிலிருந்து கறியென்றாலே பயம். “பாவம், எதுவும் இறங்க மாட்டேங்குது” என்று மாமியார் பாசத்தோடு சோற்றைக் குழைத்துக் குழைத்துக் கொடுத்திருக்கிறார். வேளைச் சாப்பாடு உண்மையிலேயே ரொம்பக் குறைவு. இடையில் சர்க்கரை போட்ட டீ பல தடவை, கூடவே ரஸ்க், டிவி முன்னால் கைப்பிடி கைப்பிடியாக மிக்சர். 100 கிராம் மிக்சரில் ஏறத்தாழ 500 கலோரி இருக்கிறது. புரோட்டீன் தினமும் குறைந்தது 60 கிராம் வேண்டும். அவருக்கு அதில் பாதிகூடப் போகவில்லை.

இரைப்பை விரிவது சிலருக்கு உண்மையிலேயே நடக்கும். எண்டோஸ்கோப்பியிலோ ஸ்கேனிலோ அது தெரிந்துவிடும். ஆனால் தட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்காமலே இரண்டாவது அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவது எனக்குத் தாங்கவே முடியவில்லை. முதல் தடவையை விட இரண்டாவதில் சிக்கல்கள் அதிகம். தயிர்சாதமும் மிக்சரும் அதற்கப்புறமும் அதே மாதிரிதான் வழுக்கிக்கொண்டு போகும்.

கறி அடைக்கிறது என்றால், பெரும்பாலும் அது காய்ந்திருக்கும், பெரிதாக இருக்கும், அல்லது வேகமாக விழுங்கியிருப்பீர்கள். குழம்பில் ஊறிய மீன், முட்டை, நன்றாக வெந்த சுண்டல் என்று தொடங்குங்கள். சுண்டுவிரல் நகம் அளவு துண்டு, நிதானமாக மெல்லுங்கள். தட்டில் முதலில் புரோட்டீன், பிறகு காய், சோறு கடைசியில். ஒரு முட்டையில் 6 கிராம் புரோட்டீன், ஒரு இட்லியில் 2 கிராம்தான். இரண்டு இட்லியில் காலை வேளை முடிந்தால் 60 கிராமை எட்டவே முடியாது. எப்படிச் சாப்பிட்டாலும் வாந்தி வருகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். உணவு இறங்கும் பாதை சுருங்கியிருக்கலாம். தொடர்ந்து வாந்தி எடுத்தால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படும், தள்ளிப்போடக் கூடாது.

சாப்பாட்டோடு தண்ணீர்

வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

“ரிப்போர்ட் நார்மல்” என்று மாத்திரையை நிறுத்துவது

மாத்திரை போடுவதால்தான் அது நார்மல். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க. இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பை டீயோடு விழுங்காதீர்கள். ரத்தம் குறைந்தால் மாடி ஏறவே மூச்சு வாங்கும். அப்புறம் எங்கே நடைப்பயிற்சி?

மது

முன்பை விட வேகமாக ஏறும். அடிமையாகிற அபாயம் இரண்டாம் ஆண்டிலிருந்து கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தொடாதிருப்பதே நல்லது.

நடை மட்டும் போதும் என்பது

போதாது. எடையோடு தசையும் கரைந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் தொடக்கத்துக்குப் போதும்.

எடை கூடியதும் செக்-அப்புக்கு வராமல் இருப்பது

திட்டுவார்கள் என்ற பயம், வெட்கம். மூன்று, நான்கு கிலோ கூடியபோது வராமல் இருபது கூடியபின் வருகிறார்கள். மூன்று கிலோவில் வந்தால் நோட்டும் தட்டும் சரிசெய்தாலே பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போனாலும் வழி இருக்கிறது. செமாகுளூடைட் போன்ற ஊசி மருந்துகளை, அறுவைக்குப் பின் எடை ஏறியவர்களுக்கும் இப்போது டாக்டர்கள் எழுதுகிறார்கள். அந்த மருந்தில் பசி இன்னும் குறையும், புரோட்டீன் இன்னும் விட்டுப்போகும். எனவே ஊசி தொடங்கும் வாரத்திலேயே டயட்டீஷியனையும் பார்த்துவிடுங்கள்.