வாவியில் பறவை எண்ணும்போது நாம் விடுகிற பிழைகள்

ஒரு ஜனவரிக் காலையில் மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்துக்கு வடக்கே ஒரு குழுவும் தெற்கே ஒரு குழுவுமாக நின்று எண்ணினோம். இரண்டு தாளிலும் நீர்க்காகம் இருநூற்றுச் சொச்சம். பின்னேரம் இரண்டையும் கூட்டப் போனபோதுதான் நேரத்தைப் பார்த்தோம். அவர்களுடையது 7.10, எங்களுடையது 7.20. பாலத்துக்கு மேலால் பறந்துபோன ஒரே கூட்டத்தை இரண்டு பக்கமும் கணக்கில் ஏற்றியிருக்கிறோம்.

அன்றைக்குப் பிறகு பறந்துபோகிறவற்றுக்குத் தாளில் தனி நிரல் வைத்திருக்கிறோம். எத்தனை மணிக்கு, எந்தத் திசைக்கு என்று அதில் எழுத வேண்டும். உட்கார்ந்திருப்பவற்றை ஒரு பக்கமாகவே எண்ணிக்கொண்டு போக வேண்டும். எண்ணி முடித்த இடத்தில் புதிதாக வந்து இறங்குவதைச் சேர்க்கக் கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி.

'பொழுதுபோக்குத்தானே, கூடக்குறைய இருந்தால் என்ன' என்று கேட்பவர்கள் உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. எண்ணுகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற தொண்டர்கள்தான். ஓர் ஈரநிலத்தை ராம்சார் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ப்பதற்கான அளவுகோல்களில் இரண்டு, நீர்ப்பறவைகளின் எண்ணிக்கையையே பார்க்கின்றன. வழமையாக 20,000 நீர்ப்பறவைகளாவது அங்கே கூட வேண்டும், அல்லது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 சதவீதமாவது அங்கே இருக்க வேண்டும். நம்முடைய பக்கத்தில் குமண 2010இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நாளைக்கு வேறொரு களப்புக்காகப் பேசப் போனால் கையில் இருக்கப் போவது இந்தத் தாள்கள்தான்.

அடுத்த பிழை, நிற்கிற இடம். வாவியின் கிழக்குக் கரைக்கு எழுவான்கரை, மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்று பெயர் வைத்தவர்கள் பறவை பார்க்கிறவனுக்கும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில் விழும், நிறம் தெளிவாகத் தெரியும். அதே நேரத்தில் படுவான்கரையில் வவுணதீவுப் பக்கம் நின்று கிழக்கே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். பின்னேரம் இது தலைகீழ். நடுப்பகலில் போகவே வேண்டாம், கானல் அசைவில், சேற்றில் மேய்கிற சின்னப் பறவையான உள்ளானும் கல்லும் ஒன்றாகத் தெரியும்.

வெளிநாட்டுக் கையேடுகளில் 'வற்றுப்பெருக்கு நேரம் பார்த்துப் போங்கள்' என்று இருக்கும். அதை நம்பி இங்கே நாள் குறிக்காதீர்கள். நமது கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரும் இல்லை. வாவியின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது மாரி மழையும், வாவி கடலோடு சேருகிற முகத்துவாரமும்தான். நல்ல மழை பெய்த ஜனவரியில் வாவி நிரம்பிக் கிடக்கும், கால் வைத்து மேய இடமில்லாமல் உள்ளான்கள் வட்டைப் (வயல்வெளி) பக்கம் போய்விடும். முகத்துவாரம் வெட்டிவிட்டால் நீர் இறங்கிச் சேறு தெரியும், அவை திரும்பி வரும். ஆகவே 'போன வருடம் ஆயிரம், இந்த வருடம் நூறு, பறவை அழிகிறது' என்று முகநூலில் எழுத முதல், இரண்டு வருடமும் நீர் எங்கே நின்றது என்று பாருங்கள். தாளில் அதை எழுதியிருந்தால்தானே பார்க்கலாம்! நீர்மட்டம், முகத்துவாரம் திறந்ததா மூடியதா, வயல் எந்த நிலையில் என்று மூன்று வரி போதும். பெரும்பாலான குழுக்கள் அந்த மூன்று வரியை எழுதுவதில்லை.

அப்புறம், 'கொக்கு - 140'. இப்படி ஒரு வரியைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வெள்ளையாக நிற்பதெல்லாம் ஒரே கொக்கில்லை. சின்ன வெண்கொக்குக்குக் கறுத்த அலகு, கறுத்த கால், மஞ்சள் பாதம். பாதம் சேற்றுக்குள் இருந்தால், அது பறக்கும்வரை பொறுத்திருங்கள். பெரிய வெண்கொக்கின் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னுக்கு நீளும். நடுத்தர வெண்கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். இந்த இரண்டையும் அலகின் நிறத்தை மட்டும் பார்த்துப் பிரிக்கப் போனால் ஏமாறுவீர்கள், மஞ்சள் அலகு இனப்பெருக்க காலத்தில் கறுத்துவிடும். உழவு மெஷினுக்குப் பின்னால் நடந்துபோவது பெரும்பாலும் உண்ணிக்கொக்கு. கட்டையான மஞ்சள் அலகு.

இவ்வளவு பார்த்தும் தெரியவில்லையா? 'வெண்கொக்கு, இனம் தெரியவில்லை - 62' என்று எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊகித்து எழுதிய பெயரைப் பிறகு யாராலும் திருத்த முடியாது. தோணிக்காரர்களிடம் பெயர் கேட்பது நல்லது, எந்தப் பறவை எந்த மூலையில் நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவர்கள் சொல்லும் ஒரு பெயருக்குள் இரண்டு மூன்று இனங்கள் அடங்கியிருக்கலாம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் உள்ள பெயர் வேறாகவும் இருக்கும். அதனால் விலங்கியல் பெயரையும் பக்கத்தில் எழுதுவது நல்லது. கைப்பேசிச் செயலி முதலாவதாகக் காட்டுகிற பெயரும் ஓர் ஊகம்தான்.

பெரிய கூட்டத்தைக் கண்டால் வாயில் வருவது 'ஆயிரம் இருக்கும்'. முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவில் நூறுவரை நகருங்கள். பிறகு அந்த நூறை வைத்து மிச்சத்தை அளக்கலாம். கூட்டம் ஓரத்தில் ஐதாகவும் நடுவில் நெருக்கமாகவும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பெரிய கூட்டத்தைக் கூட்டிச் சொல்வதை விடக் குறைத்து மதிப்பிடுகிறவர்களே அதிகம். வீட்டில் ஒரு தட்டில் அரிசியைக் கொட்டி, ஊகித்துவிட்டுப் பிறகு எண்ணிப் பாருங்கள், உங்கள் கண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

படத்துக்காகக் கிட்டப் போவதுதான் உண்மையில் கெடுதல் செய்கிற பிழை, மற்றதெல்லாம் தாளோடு முடிகிற பிழை. ஆள்காட்டிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அது கத்தத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், இரண்டடி பின்னுக்கு வாருங்கள். வெறும் தரையில் முட்டையிடுகிற பறவை அது, முட்டை மண் நிறத்திலேயே கிடப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும்.

குமண வில்லில் (வில் என்பது ஆழமில்லாத நீர்நிலை) நீர்ப்பறவைகள் கூடு கட்டுவது மே முதல் ஜூலை வரை. தாய்ப்பறவை எழும்பிவிட்டால் குஞ்சு வெயிலில் வதங்கும், காகமும் பருந்தும் காத்துக்கொண்டே இருக்கும். கதிர்காமப் பாத யாத்திரை ஒகந்தையிலிருந்து புறப்பட்டு அந்தக் காட்டு வழியாகப் போவதும் கிட்டத்தட்ட அதே நாட்களில்தான். நடந்து போகிறவர்கள் பாதையை விட்டு வில்லுக்குள் இறங்காமல் இருந்தால் போதும். ட்ரோன் வேண்டாம். பதிவுசெய்த குரலைப் போட்டுப் பறவையை அழைக்கவும் வேண்டாம், எதிரி வந்துவிட்டதென்று அது மேய்ச்சலையும் கூட்டையும் விட்டு வரும். கூடு இருக்கும் இடத்தை இணையத்தில் போடாதீர்கள்.

லகுகலவில் விடியற்காலையில் குளத்தங்கரைக்கு இறங்க நினைப்பவர்களுக்கு: அது யானையின் நேரம். வாவியில் முதலை உண்டு, தண்ணீருக்குள் இறங்கி நின்று எண்ணாதீர்கள். தேசியப் பூங்காக்களுக்குள் போக வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கணக்கெடுப்புக்கு என்றால் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

இன்னொன்று, காகத்தையும் மைனாவையும் எழுதாமல் விடுவது. அரிய பறவையைத் தேடுகிற அவசரத்தில் 'அதுதான் எங்கேயும் இருக்கே' என்று விட்டுவிடுவோம். குப்பை கூடும் கரையில் காகம் கூடினால் கூடுகளுக்கு என்ன ஆகும் என்பதை அந்த எண்ணிலிருந்துதான் பார்க்கலாம்.

பறவையே இல்லாத நாளும் வரும். ஒருமுறை உன்னிச்சைக் குளக்கட்டில் இரண்டு மணிநேரம் நின்றோம். குளம் நிரம்பியிருந்தது, காற்று பலம், தாரா ஒன்றுகூட இல்லை. கூட வந்த தம்பி தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான். வாங்கி விரித்து, தாரா என்ற வரியில் 0 என்று எழுதி, 6.30 முதல் 8.30 வரை, நீர் வான்மட்டம் (குளம் வழியும் அளவு), காற்று பலம் என்று சேர்த்து மற்றத் தாள்களோடு அனுப்பினோம்.