வகுப்பறையில் ஆமை வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

"நாயாட்டம் குரைக்காதுங்க, கிளியாட்டம் கத்தாதுங்க, அதுபாட்டுக்குக் கெடக்கும்." அறிவியல் மூலைக்கு ஆமைத் தொட்டி வாங்கும் பள்ளிகளில் சொல்லும் காரணம் இதுதான். கோளாறு இங்கேயே ஆரம்பிக்கிறது. ஊர்வன சும்மா கிடப்பதை வைத்துச் சுகமாக இருப்பதாக முடிவுகட்ட முடியாது. நோய் முற்றும்வரை அவை வெளியே காட்டிக்கொள்வதில்லை. ஜூனில் செய்த தப்பு பொங்கல் லீவுக்குத்தான் தெரியவரும்.

முதலில் எந்த ஆமை என்று பார்க்க வேண்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) வாய்க்காலிலோ கீழ்பவானியிலோ தண்ணீர் விட்டதும் பையன்கள் பால் ஆமையைப் பிடித்து வாளியில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவருவார்கள். ஆர்வத்தைத் தட்டிக்கொடுக்கலாம், ஆமையை வைத்துக்கொள்ளக் கூடாது. பால் ஆமை, நட்சத்திர ஆமை, உடும்பு மூன்றும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. "படிப்புக்காக வெச்சிருக்கோம்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. பச்சோந்தியையும் வேலியிலேயே விட்டுவிடுங்கள்.

கடையில் விற்பது சிவப்புக் காது ஆமை, அமெரிக்க மிசிசிப்பிப் பக்கத்துச் சரக்கு. குட்டி உள்ளங்கையில் அடங்கும், அதை நம்பித்தான் சின்னத் தொட்டி வாங்குகிறார்கள். வளர்ந்தால் ஓடு 25 செ.மீ. வரை போகும், ஆயுள் 20, 30 வருடம். ஆறாம் வகுப்பில் வாங்கினால் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாகும்வரை ஆமை இருக்கும். இக்வானா என்ற பெரிய பல்லி, பால் பைதான் (ball python) என்ற மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்கள் வைத்திருந்தால் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்தாக வேண்டும்.

பள்ளிகள் அதிகம் சறுக்குவது வெயில் விஷயத்தில். "ஜன்னலோரமா வெச்சிருக்கோம், வெயில் படுதுங்களே" என்பார்கள். ஓடு கெட்டிப்படக் கால்சியம் வேண்டும், கால்சியம் உடம்பில் சேர வெயிலின் புற ஊதாக் கதிர் வேண்டும். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். சித்திரை வெயிலில் கரூரிலோ ஈரோட்டிலோ ஜன்னலோரத் தொட்டி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் 25 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து காய ஒரு கல் அல்லது மேடு, அதற்கு மேல் புற ஊதா விளக்கு. விளக்கு இல்லாவிட்டால் காலை இளவெயிலில் அகலமான டப்பில், பாதி நிழலும் பாதி வெயிலுமாக, ஆள் பக்கத்தில் இருந்து காக்கா கொத்தாமல் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடலாம்.

ஓட்டின் விளிம்பை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். குட்டியைத் தாண்டிய ஆமைக்கு அது நகம்போல் விறைப்பாக இருக்க வேண்டும். அழுத்தினால் அமுங்கினால் கால்சியம் போதவில்லை. இமை வீங்கிக் கண் திறக்காமல் கிடந்தால் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறை. பொரி, பிஸ்கட், மதியச் சோற்றில் மிச்சம் என்று பிள்ளைகள் பாசத்தில் போடுவதன் பலன் இது. குட்டிக்குச் சின்ன மீன், மண்புழு, ஆமைக்கென்று விற்கும் தீவனம். வளர வளரக் கீரை. தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்கும், மேசையில் வைத்து ஊட்டாதீர்கள்.

தூக்குவதானால் தரையோரம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஓட்டின் இரு பக்கமும் பிடிக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை தூக்குவது ஆமைக்குச் சித்திரவதை. மல்லாத்திப் போட்டு வேடிக்கை பார்ப்பதை யார் செய்தாலும் கண்டியுங்கள்.

ஆமை நன்றாகவே இருந்தாலும் அதன் மேலும் தொட்டித் தண்ணீரிலும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளுக்கு இந்த நோய் பரவியதால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-இல் தடை போட்டார்கள். தொட்டவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பெரிய பிசகு, டிபன் பாக்ஸ் கழுவும் குழாயடியிலேயே தொட்டியையும் கழுவுவது. அஞ்சு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் மழலையர் வகுப்பில் ஆமையே வேண்டாம்.

வளர்க்க முடியவில்லை என்று உக்கடம் குளத்திலோ நொய்யலிலோ விடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். சிவப்புக் காது ஆமை நம்மூர் ஆமையின் இரையிலும் இடத்திலும் பங்குக்கு வரும். உலகின் மோசமான 100 ஊடுருவி இனங்களில் இதுவும் ஒன்று. வாங்கிய கடையிலோ வனத்துறையிலோ கேளுங்கள், நீர்நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பாம்பு பிடிப்பவரை வகுப்புக்குள் அழைத்து வித்தை காட்டச் சொல்வதும் வேண்டாம். கட்டுவிரியன் குட்டியையும் விஷமில்லாத ஓநாய்ப் பாம்பையும் பழகிய கண்ணே மாற்றிச் சொல்லும். ஊர்வனவற்றைப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அமராவதி முதலைப் பண்ணை, கோவையில் கேஸ் வன அருங்காட்சியகம் இருக்கின்றன.

ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவர்கள் கோடை லீவு விடுவதற்கு முன்பே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். "வாட்ச்மேன் பாத்துக்குவாருங்க" என்றால் மட்டும் போதாது. தீவன அளவு, தண்ணீர் மாற்றும் நாள், மின்தடை அன்று என்ன செய்வது, கால்நடை மருத்துவரின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தொட்டிப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.