குதிரைமேல் இரு கர்னல்கள்: பழைய போர்ப்படத்தைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றித் தேடினால் ஒரு கறுப்பு வெள்ளை அச்சுப்படம் அடிக்கடி கண்ணில் படும். குதிரைமேல் இரண்டு அதிகாரிகள், கையில் வாள். கௌபென்ஸ் போரில் அமெரிக்கப் படையின் கர்னல் வாஷிங்டனும் பிரிட்டிஷ் படையின் கர்னல் டார்ல்டனும் மோதும் காட்சி.

வாஷிங்டன் என்றதும் ஜார்ஜ் வாஷிங்டன் என்று எழுதிவிடுகிறார்கள். இவர் வில்லியம், ஜார்ஜுக்கு உறவினர். ஜார்ஜ் அப்போது வடக்கே நியூயார்க் பக்கம் இருந்தார்.

ஓவியர் நேரில் பார்த்து வரைந்தார் என்று நம்புவதும் தவறு. தென் கரோலினாவில் போர் நடந்தது 1781 ஜனவரி 17. இந்தப் படம் வெளிவந்தது 1858. வரைந்த அலான்சோ சாப்பெல் பிறந்ததே 1828-இல்தான்.

பெரிய தவறு, இந்த வாள்சண்டைதான் போரை முடிவுசெய்தது என்று நினைப்பது. உண்மையில் வேலையை முடித்தது அமெரிக்கத் தளபதி டேனியல் மோர்கனின் திட்டம். உள்ளூர்ப் படையினர் இரண்டு முறை சுட்டுவிட்டுப் பின்வாங்க வேண்டும். எதிரி ஓடுகிறான் என்று நினைத்து டார்ல்டனின் ஆட்கள் வரிசை குலைந்து பாய்ந்து வந்தார்கள். பின்னால் நின்ற அமெரிக்கக் காலாட்படை சட்டென்று திரும்பி, மிக அருகில் வைத்துச் சுட்டது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்தது. பிரிட்டிஷ் படை தோற்று ஓடும் கடைசி நேரத்தில்தான் இந்தக் கைகலப்பு. அதுவும் ஒருவருக்கு ஒருவர் அல்ல. ஆட்களை விட்டு முன்னால் போய்விட்ட வாஷிங்டனை மூன்று பேர் சூழ்ந்ததாகப் பழைய விவரிப்புகள் சொல்கின்றன. வாள் வீசும் வலுவில்லாத ஒரு பணியாள் சிறுவன் கைத்துப்பாக்கியால் ஒருவரைச் சுட்டான். இன்னொருவரை ஒரு சார்ஜெண்ட் தடுத்தார். டார்ல்டன் சுட்டது வாஷிங்டனின் குதிரைமேல் பட்டது. கதை சொல்பவர்கள் முதலில் மறப்பது அந்தச் சிறுவனைத்தான். 1845-இல் வில்லியம் ரேனி தன் ஓவியத்தில் அவனைக் கறுப்பின எக்காளக்காரனாக வரைந்தார்.

டார்ல்டனின் விரல்கள் இங்கேதான் போயின என்பார்கள். இல்லை, மார்ச்சில், கில்ஃபோர்ட் கோர்ட்ஹவுஸ் போரில்.

அப்புறம், வண்ணம். பிரிட்டிஷ்காரன் என்றாலே சிவப்புச் சட்டை என்று பின்னாளில் கையால் வண்ணம் தீட்டியவர்கள் உண்டு. டார்ல்டனின் படைக்குப் பச்சை மேற்சட்டை. 1782-இல் ஆங்கிலேய ஓவியர் ரெனால்ட்ஸ் வரைந்த உருவப்படத்திலும் அவர் பச்சையில்தான் நிற்கிறார்.

வாங்கப் போகிறீர்களா? பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதென்றால் நிழல்கூட நுண்ணிய கோடுகளாகவும் குத்துப் புள்ளிகளாகவும் தெரியும். செய்தித்தாள் படம்போல ஒரே சீரான புள்ளி வலை தெரிந்தால் பின்னாளைய நகல், விலையைக் குறைத்துக் கேளுங்கள். தகட்டின் விளிம்பு அழுத்திய தடம் இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று தள்ளிவிடாதீர்கள். புத்தகத்தில் கட்டும்போது ஓரத்தை வெட்டியிருப்பார்கள்.