ஓநாய் லயத்துக்கு வந்தால்: பேய்ச் சிரிப்புப் படத்தில் சறுக்கும் இடங்கள்

இலங்கை மலையகத்தில் நாலு பேர் சேர்ந்து குறும்படம் எடுக்கலாம் என்று உட்கார்ந்தால், பேய்ப்பட யோசனை கட்டாயம் வரும். பனிமூட்டம் சும்மா கிடைக்கிறது, வெள்ளைக்காரன் காலத்து பங்களா இருக்கிறது, இருட்டுக்கும் பஞ்சமில்லை. கூடவே சிரிப்பையும் சேர்த்து, எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை ஒன்றை இந்தக் காலத்துக்கு மாற்றினால் என்ன என்று ஒருவர் கேட்பார். நல்ல யோசனைதான். ஆனால் பாதிப் படங்கள் கேமராவைத் தொடுவதற்கு முன்பே, எழுதும்போதே கெட்டுப்போகின்றன. சிவப்புத் தொப்பிக்காரி கதையையே எடுத்துக்கொள்வோம். பாட்டிக்குப் பலகாரம் கொண்டுபோகும் சிறுமி, வழியில் பேச்சுக் கொடுக்கும் ஓநாய், பிறகு பாட்டி வேஷத்தில் கட்டிலில் படுத்திருக்கும் அதே ஓநாய்.

உடுப்பை மாற்றினால் கதையும் மாறிவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. சிறுமி கையில் போன், ஓநாய்க்கு ஒரு த்ரீவீல், பலகாரக் கூடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும். மழைக்குத் தலையில் போடும் கொங்காணியைச் சிவப்பாக்கினால் தொப்பியும் தயார். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதோடு நின்றால் அது பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி. கதையில் பயம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும். 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ இதை அச்சில் கொண்டுவந்தபோது, ஓநாய் சிறுமியைத் தின்பதோடு கதையை முடித்துவிட்டார். இனிக்கப் பேசிக்கொண்டே வீடுவரைக்கும் கூட வருகிற ஓநாய்கள்தான் மிக ஆபத்தானவை என்று கடைசியில் செய்யுளாகவும் சொல்லிவைத்தார்.

அப்படி இனிக்கப் பேசுகிறவன் நம் தேயிலைத் தோட்டத்தில் யார்? “கொழும்பில நல்ல வீடு, சொந்தப் பிள்ளை மாதிரிப் பாத்துக்குவாங்க, மாசா மாசம் காசு வந்துரும்” என்று, வீட்டு வேலைக்குப் பிள்ளை கேட்டு வாசலில் உட்கார்ந்து பேசும் தரகன். இந்தக் குரலைக் கேட்டவர்கள் நம் சனத்தில் நிறையப் பேர். இவன் கிடைத்துவிட்டால் ஓநாய்க்குப் பல்லும் நகமும் ஒட்டவைக்கும் செலவு மிச்சம். அவன் அம்மாயியின், அதாவது பாட்டியின், கம்பளியைப் போர்த்திக்கொண்டு “வா கண்ணு” என்றால் போதும், அரங்கம் உறைந்துவிடும்.

சிலர் ஓநாய்க்குப் பதிலாகச் சிறுத்தையைப் போடுவார்கள். இலங்கையில் ஓநாய் கிடையாது, சிறுத்தை தேயிலை மலைக்குள்ளேயே நடமாடுகிறது, கணக்குச் சரியாகத்தான் வரும். எனக்கு இதில் உடன்பாடில்லை. காட்டுப்பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கில் சிறுத்தைகள் மாட்டிச் சாகும் ஊர் இது. 2020 மே மாதம் நல்லதண்ணி என்ற ஊரில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்டெடுத்தும் பிழைக்கவில்லை. அந்த மிருகத்தையே வில்லனாக்கினால் சுருக்கு வைக்கிறவனுக்குத்தான் கைதட்டுகிறோம். வேண்டுமானால் இப்படிச் செய்யலாம்: தோட்டமே டோர்ச் லைட்டோடு சிறுத்தையைத் தேடி மேல்மலைக்கு ஓடட்டும், உண்மையான ஓநாய் கீழே அம்மாயி வீட்டில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கட்டும். பயமும் சிரிப்பும் ஒரே ஏற்பாட்டில் கிடைத்துவிடும்.

அடுத்த சறுக்கல் வீடு. பழைய கதையில் பாட்டி வீடு காட்டுக்குள் தனியாக நிற்கிறது. அதை அப்படியே எடுப்பதற்காகப் பாழடைந்த பங்களாவைத் தேடி ஓடுகிறார்கள். நம் அம்மாயி பங்களாவிலா இருக்கிறாள்? வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளான லயத்தில் இருக்கிறாள். ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, நாம் காம்பரா என்போம். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். அங்கே ஓநாய் யாருக்கும் தெரியாமல் நுழைவது எப்படி? இந்த இடைஞ்சலைத்தான் கதையாக்க வேண்டும். ஓநாய் கதவைத் தட்டுவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்துவிடுவாள். “யாரு, அம்மாயியப் பாக்கவா? எந்தத் தோட்டம்? அங்க எங்க சித்தப்பா மகன் ஸ்டோர்ல வேலை, தெரியுமா?” அவன் பொய் சொல்லச் சொல்ல அவள் உறவுமுறை கண்டுபிடித்துக்கொண்டே போவாள். கடைசியில் அவன் அவளுக்கு மருமகன் முறையாகிவிடுவான். கொலைசெய்ய வந்தவன் சாப்பிடாமல் போகமுடியாது என்ற நிலைமை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறவர்களுக்கு வேறொன்றும் உறைக்க வேண்டும்: இப்போது ஊரே அவனை நம்புகிறது.

சிரிப்பை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். குடிகார அப்பா, ஒழுகும் கூரை, தோட்டத்துப் பேச்சை வெளியூர் நடிகர் இழுத்து இழுத்துப் பேசுவது எல்லாம் வேண்டாம். இதற்கெல்லாம் வெளியே சிரிப்பார்கள், தோட்டத்தில் எழுந்து போய்விடுவார்கள். அதேபோல ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, காவலாகக் கும்பிடும் ரோதமுனியையோ மாடசாமியையோ பேய் லிஸ்டில் சேர்க்காதீர்கள். சாமிக்குப் பயப்படுவதும் பேய்க்குப் பயப்படுவதும் நம் ஆட்களுக்கு இரண்டு வேறு விஷயம்.

பயமும் சிரிப்பும் ஒரே நொடியில் வந்தால் இரண்டுமே செத்துப்போகும். மாசி மாதக் காமன் கூத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கேலிக்கு ஒரு நேரம், மதன் எரிந்து ரதி ஒப்பாரி வைப்பதற்கு ஒரு நேரம். படத்திலும் சிரிப்பு முடிந்து ஆட்கள் சாய்ந்து உட்காரும்போதுதான் பயத்தைக் கொண்டுவர வேண்டும். அந்த இடத்தில் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தத்தைப் போட்டு, இப்போது சிரியுங்கள் என்று சைகை காட்டுவதை யார் ஆரம்பித்தார்களோ தெரியவில்லை, விட்டுவிடலாம்.

முடிவுக்கு வருவோம். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட வடிவத்தில் வேட்டைக்காரன் ஒருவன் வந்து ஓநாய் வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுகிறான். நம் ஆட்கள் அந்த இடத்தில் பொலிஸையோ தொழிற்சங்கத் தலைவரையோ கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக ஒருவர் வந்து எல்லாவற்றையும் முடித்துவைத்தால், அதுவரை பயந்தது வீண். இதைவிட அருமையான முடிவு பழைய கதைக்குள்ளேயே கிடக்கிறது. பிரெஞ்சுக் கிராமங்களில் வாய்வழியாகச் சொல்லி 19ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஒரு வடிவத்தில் வேட்டைக்காரனே இல்லை. கட்டிலில் கிடக்கும் சிறுமி, வெளிக்குப் போகணும் என்கிறாள். படுக்கையிலேயே போ என்கிறது ஓநாய். அவள் விடவில்லை. சரி என்று காலில் ஒரு நூலைக் கட்டி வெளியே அனுப்புகிறது. அவள் நூலை அவிழ்த்து முற்றத்து மரத்தில் கட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். உள்ளேயிருந்து ஓநாய், இன்னுமா முடியவில்லை என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

கக்கூசு லயத்துக்கு வெளியே தள்ளி இருக்கிற தோட்டத்தில் இந்தக் காட்சிக்கு விளக்கமே வேண்டாம். இருட்டில் தனியாகப் போகப் பயந்து அம்மாவை எழுப்பிய எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த தூரம் அது. அதே தூரம் இப்போது தப்பிக்கிற வழி. கயிற்றைக் கொய்யா மரத்தில் கட்டுங்கள், ஓநாய் இழுக்க இழுக்கக் கொய்யா விழட்டும். பக்கத்து வீட்டு அக்கா வந்து “என்ன மருமகனே, இந்நேரத்தில கொய்யா பறிக்கிறீங்க?” என்று கேட்கட்டும்.

எடுக்கும்போது வரும் தவறுகள் சின்னவை, ஆனால் காசைக் கரைக்கும். பனிமூட்டத்தில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும், கையால் வையுங்கள். குளிரிலிருந்து அடுப்படிக்குள் கேமராவை அப்படியே கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும், பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் ஒன்றும் தேறாது. அன்றைக்கு மழைச் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிந்துவைத்துக்கொண்டு, வசனத்தை இன்னொரு நாளைக்கு வையுங்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும், தோட்டத்துக்குள் எடுக்க நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். பெரோ, கிரிம் கதைகளுக்கு இப்போது உரிமைக்காரர் யாருமில்லை. ஆனால் அம்மாயி வீட்டு ரேடியோவில் பாடும் சினிமாப் பாட்டுக்கு இருக்கிறார். யூடியூபில் ஏற்றிய பிறகு சத்தமே இல்லாமல் ஓடுகிற படத்தைப் பார்த்து முழிப்பதைவிட, ஊரில் தப்படிக்கிறவரைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் பதிவுசெய்துவிடலாம். அவருக்குக் காசு கொடுங்கள், பெயரும் போடுங்கள்.